எதிரி எல்லைக்குள் ஒரு சின்னக் குழு: போரை மாற்றுகிறதா, நமக்குக் கதைதான் மிச்சமா?

வரைபடப்பித்தன்

சிறப்புப் படை என்று பேச்செடுத்தாலே வெமோர்க் வந்து நிற்கிறது. 1943 பிப்ரவரி 27 இரவு, ஜெர்மனி பிடித்திருந்த நார்வேயில் ஒன்பது பேர் ஒரு செங்குத்தான பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்துகிடந்த ஆற்றைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஏறி, ரயில் பாதையோரமாக வெமோர்க் கனநீர்த் தொழிற்சாலைக்குள் நுழைந்தார்கள். ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்கு அந்த நீர் தேவைப்பட்டது. தொங்குபாலத்தில் ஜெர்மன் காவல் இருந்தது. பள்ளத்தாக்குப் பக்கம் இல்லை, அங்கே எவனும் ஏறி வரமாட்டான் என்ற நினைப்பு. 18 மின்பகுப்புக் கலன்களிலும் வெடிமருந்தைச் சுற்றினார்கள். இரண்டு நிமிடத் திரி கைவசம் இருந்தும், குழுத் தலைவர் யோவாகிம் ரொன்னபெர்க் முப்பது விநாடியில் வெடிக்கும்படி குறுகிய திரியைச் சேர்த்தார். வெடித்ததைத் தன் காதால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவர் கணக்கு.

எனக்குப் பிடித்த இடம் அதற்குக் கொஞ்சம் முன்னால். திரியைப் பற்றவைக்கப் போகும் நேரத்தில் பிடிபட்டிருந்த நார்வே காவலாளி, “என் மூக்குக்கண்ணாடி இங்கேதான் எங்கோ இருக்கிறது, போர்க்காலத்தில் வேறு வாங்க முடியாது” என்கிற மாதிரி கேட்கிறார். வெடிமருந்தை அப்படியே விட்டுவிட்டுத் தேடுகிறார்கள். கூடு கிடைக்கிறது, உள்ளே கண்ணாடி இல்லை. மறுபடியும் தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் நெருப்பு.

ஒரு துப்பாக்கிச் சூடு இல்லை, ஒருவரும் சாகவில்லை. சுமார் 500 கிலோ கனநீர் சாக்கடையில் ஓடியது. ஆனால் சில மாதங்களில் உற்பத்தி மறுபடி தொடங்கிவிட்டது. 1943 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் வந்து குண்டு போட வேண்டியதாயிற்று. 1944 பிப்ரவரி 20 அன்று மிச்சச் சரக்கை ஏற்றிச் சென்ற படகை டின் ஏரியில் மூழ்கடித்தார்கள், அதில் 18 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் நார்வே மக்கள்.

ஆக, மிகச் சிறந்த உதாரணத்துக்கே இந்த நிலை. இத்தகைய குழுக்கள் போரின் போக்கை மாற்றின என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

சும்மாதான்

ஜெர்மனி அணுகுண்டுக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை என்று போர் முடிந்ததும் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் மூக்குக்கண்ணாடி கிடைத்ததுதான் அந்த இரவின் உருப்படியான வேலை.

பனிக்கரடி

சும்மாதான் சகோ, 1945-இல் தெரிந்ததை வைத்து 1943-இல் எடுத்த முடிவைத் திட்டக் கூடாது. அணுக்கருப் பிளவைக் கண்டுபிடித்ததே ஜெர்மனியில். கனநீர் மொத்தமாகக் கிடைத்த ஒரே இடம் வெமோர்க். சந்தேகத்தின் பலனை எதிரிக்கு எவன் கொடுப்பான்?

இன்னொன்று. இதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒன்பது பேர் ஏன் ஜெயித்தார்கள் என்று புரியும். 1942 அக்டோபரிலேயே நால்வர் ஹர்டாங்கர் பீடபூமியில் பாராசூட்டில் இறங்கிவிட்டார்கள். நால்வரும் நார்வேக்காரர்கள், பனியில் வளர்ந்தவர்கள். நவம்பர் 19 அன்று அவர்களை நம்பி பிரிட்டன் இரண்டு கிளைடர்களில், அதாவது வேறு விமானம் இழுத்துச் செல்லும் எஞ்சின் இல்லாத விமானங்களில், பொறியியல் படையினரை அனுப்பியது. இரண்டுமே விழுந்து நொறுங்கின. கிளைடரில் வந்த 34 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை, விபத்தில் பிழைத்தவர்களை ஜெர்மானியர் கொன்றார்கள். ஒரு இழுவை விமானமும் ஏழு பேருடன் மலையில் மோதியது.

அதற்குப் பிறகும் அந்த நால்வர் மலைக் குடிசைகளில் குளிர்காலத்தை ஓட்டினார்கள். பாசியைத் தின்றார்கள். கலைமான் கிடைத்தபோது அதன் இரைப்பையில் பாதி செரித்துக் கிடந்த பாசியையும் விடவில்லை, உயிர்ச்சத்து அதில்தான் இருந்தது. தொழிற்சாலையை வடிவமைப்பதில் பங்கிருந்த லைஃப் டிரான்ஸ்டாடும், அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த யோமார் புருனும் லண்டனில் உட்கார்ந்து எந்தக் கதவு, எந்தக் குழாய் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வெமோர்க்கை ஒரு இரவுச் சாகசம் என்று எழுதுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த ஓர் இரவுக்குப் பின்னால் நாலு மாதம் இருக்கிறது.

மணற்பாதை

எல்லோரும் வெடித்ததையே பேசுகிறோம். இந்தக் குழுக்களின் உருப்படியான வேலை வெடிக்காத பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

1942-இல் லிபியக் கடலோரச் சாலை. ஜெர்மன் தளபதி ரோம்மலுக்குப் போகிற டாங்கி, எரிபொருள், ஆள், எல்லாம் திரிப்போலியிலிருந்து அந்த ஒரே சாலையில்தான் கிழக்கே வர வேண்டும். பிரிட்டிஷ் நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு அங்கே என்ன செய்தது தெரியுமா? எண்ணியது. மார்ச் ஆரம்பத்திலிருந்து ஜூலை வரை இரவு பகல் விடாமல். வண்டிகளைத் தூரத்தில் ஒரு பள்ளத்தில் மறைத்துவிட்டு, விடியுமுன் இரண்டு பேர் நடந்துவந்து சாலையிலிருந்து சில நூறு மீட்டரில் படுத்துக்கொள்வார்கள். ஒருவர் தொலைநோக்கி, ஒருவர் குறிப்பேடு. பகல் முழுக்க எழுந்து நிற்க முடியாது, நிழல் கிடையாது. இருட்டியதும் சாலையை ஒட்டி ஊர்ந்துபோய், சத்தத்தையும் உருவத்தையும் வைத்து இது லாரி, இது டாங்கி ஏற்றிய வண்டி என்று கணக்கு எழுதுவார்கள். அடுத்த விடியலுக்கு முன் வேறு ஜோடி வரும்.

சில சமயம் எதிரி லாரிகள் அங்கேயே நிறுத்தி, ஆட்கள் இறங்கி இரவுத் தங்கலுக்குக் கூடாரம் போடுவார்கள். இவர்கள் அசையாமல் கிடக்க வேண்டும். சுடுவது அங்கே தோல்வி. யாராவது ஒருவன் சுட்டிருந்தால் அத்தனை மாத வேலையும் போச்சு. ஏனென்றால் கெய்ரோவில் அந்த எண்களை, குறியீடு உடைத்துப் படித்த செய்திகளோடு ஒத்துப்பார்த்தார்கள். இரண்டும் பொருந்தியபோதுதான் இரண்டையும் நம்ப முடிந்தது.

டேவிட் ஸ்டிர்லிங் தொடங்கிய எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படையின் கதையும் இங்கே வந்துதான் ஒட்டுகிறது. 1941 நவம்பரில் அவர்களுடைய முதல் பாராசூட் தாக்குதல் மணற்புயலில் சிதறியது. குதித்தவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. திரும்பியவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது இந்த எண்ணுகிற ஆட்களின் லாரிகள்தான். அதற்கு அப்புறம் ஸ்டிர்லிங் பாராசூட்டை விட்டார், லாரியில் ஏறினார். அடுத்த மாதமே தாமெத் விமானத் தளத்தில் அவருடைய அதிகாரி பேடி மெய்ன் ஒரு கைப்பிடி ஆட்களோடு 24 விமானங்களை அழித்தார் என்று கணக்கு. பாலைவனத்தில் வழி தெரிந்தவன் கூட்டிக்கொண்டு போனதால்தான் அது நடந்தது. அந்தப் பாலைவனக் குழுவைத் தொடங்கிய ரால்ஃப் பேக்னால்ட் போருக்கு முன்பே தன் ஆர்வத்துக்காக அந்த மணலில் கார் ஓட்டித் திரிந்தவர். காந்த ஊசி வண்டி இரும்பால் பிசகும் என்று சூரிய நிழல் திசைகாட்டி செய்தார். ரேடியேட்டரிலிருந்து ஆவியாகிற நீரை ஒரு டப்பாவில் பிடித்துத் திரும்ப விட்டார். இதையெல்லாம் யார் படமெடுப்பார்கள்?

நீலக்கடல்

மணற்பாதை சொல்வது பாலைவனத்துக்குச் சரி. அங்கே ஊர் கிடையாது, பழிவாங்க ஆள் கிடையாது. ஊரும் சனமும் இருக்கிற துறைமுகத்தில் கதை வேறு.

1943 செப்டம்பர். சிங்கப்பூர் ஜப்பானியர் கையில். ஆஸ்திரேலியாவிலிருந்து கிரெய்ட் என்கிற பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகில் 14 பேர் புறப்பட்டார்கள், தலைவர் ஐவன் லையன். உடம்பில் பழுப்புச் சாயம், இடுப்பில் சாரம், கொடி ஜப்பானியக் கொடி. துறைமுகத்துக்கு அருகிலுள்ள தீவுகளில் ஆறு பேர் இறங்கி, மூன்று மடக்குப் படகுகளில் செப்டம்பர் 26 இரவு உள்ளே போய்க் கப்பல்களின் அடிப்பக்கம் காந்தக் கண்ணிவெடிகளை ஒட்டினார்கள். ஆறேழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. 14 பேரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். புத்தகத்தில் போட வேண்டிய வெற்றி.

அப்புறம்? வெளியிலிருந்து வந்து செய்திருக்க முடியும் என்று ஜப்பானியருக்குத் தோன்றவே இல்லை. உள்ளூர்ச் சதி, சாங்கி கைதிகள் முகாமிலிருந்து யாரோ தகவல் கொடுக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். அக்டோபர் 10 அன்று ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் முகாமுக்குள் புகுந்தது. 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள், 15 பேர் செத்தார்கள். மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்திக் கைதிகளுக்கு உணவும் பணமும் சேர்த்துவந்த எலிசபெத் சோய் ஏறக்குறைய 200 நாள் அவர்கள் பிடியில் இருந்தார். அவருக்கும் கப்பல் வெடித்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வரைபடப்பித்தன் கேட்ட கேள்வியில் இந்த 15 பேர் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

சும்மாதான்

சித்திரவதை செய்தவன் கெம்பெய்தாய். பழியை லையன் தலையில் போடுவது என்ன நியாயம்? இப்படிப் பார்த்தால் ஆக்கிரமிக்கப்பட்ட எந்த ஊரிலும் யாரும் சுண்டுவிரலை அசைக்க முடியாது.

நீலக்கடல்

பழி போடவில்லை நண்பரே. தவிர்த்திருக்கலாமா என்று கேட்கிறேன். வெமோர்க்கில் ரொன்னபெர்க் குழு ஒரு தாம்சன் துப்பாக்கியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனது. பிரிட்டிஷ் ராணுவ வேலை இது, ஊர்க்காரன் மேல் கைவைக்காதே என்பதற்கான அடையாளம். முந்தைய ஆண்டுதான் நார்வேயின் டெலவோக் ஊரில் இரண்டு கெஸ்டபோ (ஜெர்மன் ரகசியப் போலீஸ்) அதிகாரிகள் செத்ததற்காக ஊரையே கொளுத்தி, ஆண்களை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள், 31 பேர் அங்கேயே இறந்தார்கள். நார்வேக்காரர்களுக்கு அந்த விலை தெரியும்.

சிங்கப்பூரில் நேர் எதிர். நேச நாடுகள் வாயைத் திறக்கவில்லை. காரணம், அதே முறையில் இன்னொரு தடவை போக ஆசை. போனார்கள், 1944-இல், ரிமாவ் என்ற பெயரில் 23 பேர், தலைவர் அதே லையன். அக்டோபர் 10 அன்று ஓர் உள்ளூர்ப் போலீஸ் படகு நெருங்கியபோது யாரோ சுட்டுவிட்டார்கள், திட்டம் அங்கேயே முடிந்தது. தீவு தீவாக ஓடி, 23 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. கடைசிப் பத்துப் பேரை 1945 ஜூலை 7 அன்று தலையை வெட்டினார்கள். அடுத்த மாதம் ஜப்பான் சரண்.

மௌனத்தால் காப்பாற்றிய ரகசியம் எதற்குப் பயன்பட்டது, பாருங்கள்.

பனிக்கரடி

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ரிமாவைக் கெடுத்தது ரகசியக் கொள்கை அல்ல, அந்த முதல் தோட்டா. அதையும் சொல்ல வேண்டும்.

அலைவரிசை

முதல் தோட்டா என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் குழுக்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் எதிரிப் படை இல்லை. ஆடு மேய்க்கிறவர்.

1991 ஜனவரி, ஈராக். பிரிட்டனின் எட்டுப் பேர் கொண்ட பிராவோ டூ ஜீரோ. ஸ்கட் ஏவுகணை போகிற பாதையைக் கண்காணிக்க இறக்கிவிடப்பட்டார்கள். ஓர் இடையச் சிறுவன் கண்ணில் பட்டதாக எண்ணி இடத்தைக் காலி செய்தார்கள். அதைவிட மோசம், அவர்களுக்குக் கொடுத்த ரேடியோ அலைவரிசைகள் அந்தப் பகுதிக்குப் பொருந்தாதவை. கூப்பிட்டால் சரியான பதில் வரவில்லை. பாலைவனம் என்று மெல்லிய உடுப்போடு போனவர்களுக்குப் பனி கொட்டியது. மூவர் இறந்தார்கள், அதில் இருவர் குளிரில். நால்வர் பிடிபட்டார்கள், ஒருவர் மட்டும் சிரியாவுக்கு நடந்தே போனார். பின்னாளில் தப்பியவர்கள் எழுதியது ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்கிறது, அந்த வம்புக்குள் நான் போகவில்லை.

அடுத்த மாதம், பிப்ரவரி 24. அதே ஈராக்கில் ரிச்சர்ட் பால்வான்ஸ் தலைமையில் எட்டு அமெரிக்கர்கள். வாய்க்கால் ஓரத்தில் குழிபறித்து ஒளிந்திருந்தவர்களைப் பகலில் குழந்தைகள் பார்த்துவிட்டார்கள். அவர்களைச் சுடக் கூடாது என்று பால்வான்ஸ் முடிவெடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஊரும் படையும் சூழ்ந்துகொண்டன. ஆனால் ரேடியோவில் விமானங்கள் கிடைத்தன. எஃப்-16 விமானங்கள் சுற்றிலும் குண்டு போட்டுத் தாங்கிப் பிடித்தன, பட்டப்பகலில் ஹெலிகாப்டர் வந்து எட்டுப் பேரையும் ஏற்றிப்போனது.

2005 ஜூன் 28, ஆப்கானிஸ்தான் குனார் மலை. நான்கு அமெரிக்கக் கடற்படைச் சிறப்பு வீரர்கள், மறுபடியும் ஆட்டிடையர்கள், மறுபடியும் விட்டுவிட்டார்கள். மலையில் தொடர்பு சரியாகக் கிடைக்கவில்லை. மூவர் இறந்தார்கள், காப்பாற்ற வந்த ஹெலிகாப்டரில் இருந்த 16 பேரும் போனார்கள்.

இடையனைக் கொன்றிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சிலர் வீரம் பேசுவார்கள். நிராயுதபாணியைக் கொல்வது குற்றம் என்பது ஒரு பக்கம். ஆடு மட்டும் தனியாக வீடு திரும்பினால் ஊர் தேடாதா? மூன்று சம்பவத்திலும் உயிரைத் தீர்மானித்தது ரேடியோ. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்தால் பிழைப்பு, வராவிட்டால் இல்லை. ஆயுதப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கிற தம்பிகள் ஆன்டெனா பக்கமும் கொஞ்சம் திரும்பலாம்.

சட்டப்புள்ளி

பிடிபட்டால் என்ன கதி என்பதையும் பேசிவிடலாம், அது உடுப்பைப் பொறுத்தது. 1907 ஹேக் விதிகளின்படி, தன் சீருடையில் எதிரிப் பகுதிக்குள் புகுந்த சிப்பாய் உளவாளி அல்ல, போர்க்கைதி. எவ்வளவு ரகசியமாக வந்தாலும் சரி. கிரெய்ட் படகில் சாரம் கட்டிப் போனவர்கள் இந்தப் பாதுகாப்பைப் பெரிதும் இழந்தார்கள்.

ஹிட்லர் 1942 அக்டோபர் 18 அன்று கமாண்டோ ஆணை போட்டார்: சீருடையில் இருந்தாலும் சரணடைந்தாலும் கொன்றுவிடு. பனிக்கரடி சொன்ன, கிளைடர் விபத்தில் பிழைத்த வீரர்கள் இதில்தான் செத்தார்கள். அந்த டிசம்பரில் பிரான்சின் போர்தோ துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்க்கத் துடுப்புப் படகில் போன பிரிட்டிஷ் கடற்படை வீரர்களில் ஆறு பேரும் அப்படியே. பத்துப் பேர் போனதில் ஹாஸ்லரும் ஸ்பார்க்ஸும் மட்டும் திரும்பினார்கள். இதில் இன்னொரு கொடுமை, அதே கப்பல்களைத் தகர்க்க அதே நகரத்தில் பிரிட்டனின் வேறொரு ரகசிய அமைப்பின் ஆட்களும் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒரு கைக்குத் தெரியாமல் இன்னொரு கை.

1944 மார்ச்சில் இத்தாலியில் ரயில் சுரங்கத்தைத் தகர்க்க வந்த 15 அமெரிக்கர்களைச் சீருடையிலேயே சுட்டுக்கொல்ல உத்தரவிட்டவர் ஜெனரல் அன்டன் டாஸ்ட்லர். மேலிட உத்தரவு என்ற வாதம் எடுபடவில்லை. 1945 டிசம்பர் 1 அன்று அவரையும் சுட்டார்கள். ஆனால் ஜெர்மன் சிறப்புப் படைத் தலைவர் ஸ்கோர்செனி? அவர் ஆட்கள் 1944 டிசம்பரில் அமெரிக்க உடுப்பில் திரிந்து, பிடிபட்டவர்கள் உளவாளிகளாகச் சுடப்பட்டார்கள். 1947 வழக்கில் அவர் விடுதலை. எங்கள் பக்கமும் எதிரி உடுப்பைப் போட்டோம் என்று சாட்சி சொன்னது ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, யோ-தாமஸ்.

கரையோரத்தான்

உள்ளூர் மக்கள் வேறு, தாக்குகிற குழு வேறு என்று பிரித்துப் பேசுகிறோம். இரண்டும் ஒன்றாக இருந்த நிகழ்வு நம் பக்கத்திலேயே உண்டு.

1971-இல் பிரான்சின் துலோன் துறைமுகத்தில் பயிற்சியில் இருந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி மங்ரோவிலிருந்து எட்டு வங்காளிகள் தப்பி இந்தியா வந்தார்கள். அவர்களை வைத்து, பிளாசி பக்கம் பாகீரதி ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கான வங்காள இளைஞர்களுக்கு இந்தியக் கடற்படை நீச்சல் பயிற்சி கொடுத்தது. பலர் மாணவர்கள், ஆற்றில் வளர்ந்த பிள்ளைகள். மார்பில் கண்ணிவெடியைத் துணியால் கட்டிக்கொண்டு இரவில் மணிக்கணக்காக நீந்த வேண்டும்.

அலைவரிசை ஐயாவுக்குப் பிடிக்கும்: எதிரி ஒட்டுக்கேட்கும்படி ரேடியோவில் எதுவும் அனுப்பவே இல்லை. ஆகாசவாணி கல்கத்தாவில் ஒரு குறிப்பிட்ட பாட்டு ஒலித்தால் தயாராகு. இன்னொரு பாட்டு ஒலித்தால் இன்றிரவே. ஊரே கேட்கிற பாட்டு, கையில் சாதாரண டிரான்சிஸ்டர். ஆகஸ்ட் 15-16 இரவில் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் நான்கிலும் ஒரே நேரத்தில் வெடித்தது. சிட்டகாங்கில் மட்டும் ஹோர்முஸ், அல் அப்பாஸ் என இரண்டு சரக்குக் கப்பல்கள் போயின. கிழக்குப் பாகிஸ்தானில் எல்லாம் வழக்கம்போல இருக்கிறது என்ற பாகிஸ்தானின் பேச்சு அத்தோடு செல்லாக்காசு.

அதே போரில் டிசம்பர் 13-14 இரவு, இந்தியாவின் 9 பாரா படைப்பிரிவின் கமாண்டோக்கள் குளிரில் பூஞ்ச் ஆற்றைக் கடந்து மந்தோலில் பாகிஸ்தானின் ஆறு 122 மிமீ பீரங்கிகளைத் தகர்த்தார்கள். அது சுத்தமான ராணுவ வேலை. இலக்கு ஒன்று, தூரம் குறைவு, திரும்பும் வழி தெரியும்.

மணற்பாதை

மந்தோல் நல்ல உதாரணம். போரை மாற்றியதா என்று அதைக் கேட்க வேண்டாம். அந்தப் பீரங்கிகளுக்கு எதிரே இருந்த காலாட்படையைக் கேட்டால் போதும்.

வரைபடப்பித்தன்

கரையோரத்தான் சொன்னது எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. உள்ளூர் ஆள் குழுவாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அனுப்புகிறவன் யார் என்பதைப் பொறுத்தது.

வியட்நாமில் அமெரிக்காவின் எஸ்.ஓ.ஜி. படை லாவோஸ், கம்போடியாவுக்குள் அனுப்பிய சிறு குழுக்கள் பிரபலம். இரண்டு மூன்று அமெரிக்கர்கள், மற்றவர்கள் மலைவாழ் மக்கள். அந்தக் குழுக்களுக்கு ஹெலிகாப்டர் வந்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னுமாக வட வியட்நாமுக்குள் பாராசூட்டிலும் படகிலும் அனுப்பப்பட்ட வியட்நாமிய ஏஜென்டுகள் சுமார் 500 பேர். ஏறக்குறைய எல்லோரும் பிடிபட்டார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள். சிலரை வட வியட்நாம் மிரட்டி அவர்கள் ரேடியோவிலேயே பேசவைத்து, மேலும் ஆட்களை வரவழைத்துப் பிடித்தது.

அனுப்பிய அமெரிக்கத் தரப்புக்குச் சம்பளப் பட்டியலை என்ன செய்வது என்ற பிரச்சினை வந்தது. உயிரோடு சிறையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களையும் செத்ததாகப் பதிந்து, குடும்பத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்துப் பெயரை அடித்தார்கள். பலர் பதினைந்து, இருபது ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தபோது அவர்கள் காகிதத்தில் இறந்தவர்கள்.

சும்மாதான்

அப்புறம் பணம் கொடுத்தார்களா இல்லையா?

வரைபடப்பித்தன்

1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது, தலைக்கு 40,000 டாலர் வரை. அதற்கு முன் அவர்கள் வழக்குப் போட்டபோது அரசு தரப்பு வைத்த வாதத்தைக் கேட்டால் சட்டப்புள்ளிக்கு ரத்தம் கொதிக்கும்: ரகசியப் பணிக்கான ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் அமல்படுத்தக் கேட்க முடியாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால ஒற்றன் ஒருவனுடைய சம்பள வழக்கில் 1876-இல் வந்த தீர்ப்பைத் தூசிதட்டி எடுத்திருந்தார்கள்.

சட்டப்புள்ளி

டாட்டன் வழக்கு. லிங்கனே அமர்த்திய ஒற்றன் என்று சொல்லித்தான் இறந்த ஒற்றனின் சொத்து நிர்வாகி வழக்குப் போட்டார், அதுவும் தள்ளுபடி. அந்தத் தீர்ப்பு இன்றும் உயிரோடுதான் இருக்கிறது, 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சி.ஐ.ஏ. சம்பந்தப்பட்ட வழக்கில் அதை மறுபடி உறுதி செய்தது. எனவே இன்றைக்கு எந்த உள்ளூர் ஆளாவது அப்படிப் போகிறான் என்றால், கையெழுத்துப் போட்ட காகிதத்தை நம்பிப் போக வேண்டாம்.